தூரத்தில் இருப்பவர்களுக்கு டிஸ்னி வேர்ல்ட் ஆண்டு பாஸ் கட்டுப்படியாகுமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் நால்வர் குடும்பம், பிள்ளைகளுக்கு 9 வயது, 6 வயது. வருகிற நவம்பரில் ஒருமுறை, அடுத்த கோடையில் ஒருமுறை ஆர்லாண்டோ வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போவது உறுதி. ஏப்ரல் விடுமுறையிலும் போகலாமா என்று ஒரு யோசனை. ஃப்ளோரிடாவிலேயே, தாம்பாவில் இருக்கும் நண்பர் ஆண்டு பாஸ் வைத்திருக்கிறார், "மூணு தடவை போனாலே போட்ட காசு வந்துடும்" என்கிறார், நாங்களும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாஸ் விலை, நீங்கள் எப்படியும் வாங்கப்போகும் டிக்கெட்டுகளின் விலையைவிடக் குறைவா என்பது ஒன்று. பாஸ் கையில் இருந்தால் அந்த ஏப்ரல் பயணம் சும்மா கிடைத்த மாதிரி ஆகிவிடுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டே விடை கண்டுவிடலாம். இரண்டாவதில்தான் தூரத்திலிருந்து வரும் குடும்பங்கள் பணத்தை விடுகின்றன. பயணத் திட்டங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை என்பதால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் நண்பரின் பேச்சை ஒதுக்கி வையுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் இருப்பதும் உங்களுக்குக் கிடைப்பதும் ஒரே பாஸாக இருக்க வாய்ப்பு குறைவு. 2021 செப்டம்பரில் வந்த இப்போதைய ஏற்பாட்டில் நான்கு வகைப் பாஸ்கள் உண்டு. பிக்ஸி டஸ்ட், பைரேட் இரண்டும் ஃப்ளோரிடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். சோர்சரர் பாஸ் ஃப்ளோரிடாக்காரர்களுக்கும், டிஸ்னி விடுதிகளில் பங்கு வாங்கியவர்களின் டிஸ்னி வெகேஷன் கிளப்பில் தகுதியுள்ள உறுப்பினர்களுக்கும். வேறு மாநிலத்தில் இருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு எஞ்சுவது எல்லாவற்றிலும் விலை கூடிய இன்க்ரெடி-பாஸ் ஒன்றுதான். விலை இடைவெளி எவ்வளவு என்று புரிய: அறிமுகமானபோது பிக்ஸி டஸ்ட் 399 டாலர், இன்க்ரெடி-பாஸ் 1,299 டாலர். அதோடு, முன்பணம் கட்டிவிட்டு மீதியை மாதத் தவணையாகச் செலுத்தும் வசதியும் ஃப்ளோரிடா முகவரி உள்ளவர்களுக்கு மட்டுமே. நீங்கள் முழுத் தொகையையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்து எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வசிப்பிடச் சான்று உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். அந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. 1,299-இல் தொடங்கிய இன்க்ரெடி-பாஸ் 2024 அக்டோபரில் 1,549 டாலர் ஆனது. ஆரஞ்சு கவுண்டியின் 6.5 சதவீத விற்பனை வரியைச் சேர்த்தால் சுமார் 1,650. அதற்குப் பிறகும் விலை அசையாமல் நிற்கவில்லை, ஆகவே நீங்கள் வாங்கும் நாளில் என்ன எண் இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே கணக்கு புரிவதற்காக வரியோடு 1,700 என்று வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் 3 முதல் 9 வயது வரை கொஞ்சம் குறைந்த விலை உண்டு. பாஸில் அப்படி இல்லை, 3 வயது ஆனவர்கள் எல்லோருக்கும் ஒரே விலை. அதாவது உங்கள் 6 வயதுப் பிள்ளைக்குப் பாஸ் எடுப்பது, உங்களுக்கு எடுப்பதைவிட இன்னும் கொஞ்சம் நஷ்டக் கணக்கு. (9 வயதுப் பிள்ளைக்குக் கோடைக்குள் 10 முடிந்துவிட்டால் அப்போது பெரியவர் டிக்கெட்தான்.) நால்வருக்கும் எடுத்தால் 6,800 டாலர், விமானத்தில் கால் வைப்பதற்கு முன்பே.

இப்போது டிக்கெட் பக்கம். பலரும் தவறும் இடம் இதுதான். ஒரு நாள் டிக்கெட் விலையை எடுத்து, பாஸ் விலையை அதால் வகுத்து, "பத்து நாள் போனால் போதும்" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். தூரத்திலிருந்து வருபவர் யாரும் ஒரு நாள் டிக்கெட்டாகப் பத்து வாங்குவதில்லை, பல நாள் டிக்கெட் வாங்குவார். டிஸ்னி வேர்ல்டின் பல நாள் டிக்கெட்டில் முதல் மூன்று நாள்களுக்குத்தான் கனமான விலை. நான்காவது நாளிலிருந்து கூடுதல் நாளின் விலை சரசரவென்று இறங்கும். ஐந்து நாள் டிக்கெட்டை ஆறு நாளாக ஆக்குவதற்கு ஆகும் தொகை, தனியாக ஒரு நாள் டிக்கெட் வாங்குவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆகவே ஒரே பயணத்தில் எத்தனை நாள் பூங்காவில் இருக்கிறீர்கள் என்பது பாஸுக்குச் சாதகமாகப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. எத்தனை தனித்தனிப் பயணங்கள் என்பதுதான் சேர்க்கிறது. ஒவ்வொரு புதிய பயணத்திலும் அந்தக் கனமான முதல் மூன்று நாள்களை மறுபடியும் முதலிலிருந்து வாங்குகிறீர்கள். மூன்று நாள் வீதம் நான்கு தடவை போகிறவருக்குப் பாஸ் எளிதில் கட்டுப்படியாகும். ஆறு நாள் வீதம் இரண்டு தடவை போகிறவருக்கு, மொத்த நாள் அதே பன்னிரண்டாக இருந்தும், கட்டாது. நாளை எண்ணாதீர்கள், பயணத்தை எண்ணுங்கள்.

உங்கள் குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும் என்பதால் உங்கள் தேதிகளை நாட்காட்டியில் போட்டு உண்மை விலையை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஐந்து நாள் டிக்கெட் ஆளுக்கு 700, கோடையில் ஐந்து நாள் 650 என்று வைத்தால் மொத்தம் 1,350. பாஸ் 1,700. ஆளுக்கு 350 டாலர், நால்வருக்கு 1,400 டாலர் பாஸால் கூடுதல் செலவு. ஒரே நாளில் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பார்க் ஹாப்பர் வசதியை நீங்கள் எப்படியும் வாங்குவீர்கள் என்றால், அது பாஸில் அடக்கம் என்பதால் கணக்கு நெருங்கிவரும். பயணத்துக்கு நூறு என்று வைத்தால் டிக்கெட் பக்கம் 1,550, இடைவெளி 150. ஆனால் 6 வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் ஹாப்பர் வாங்கிவிட்டுப் பாதி நாள் அதைத் தொடாமலே விடுவது வழக்கம். காலையில் மேஜிக் கிங்டம், மாலையில் எப்காட் என்று காகிதத்தில் போடுவது சுலபம். மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளை தள்ளுவண்டியில் தூங்கும்போது மோனோரயில் வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வராது. போன தடவை எத்தனை நாள் உண்மையில் தாவினீர்கள் என்று நினைத்துப் பார்த்து அதற்கு மதிப்புப் போடுங்கள்.

இன்னொரு கழித்தலும் உண்டு. ஆர்லாண்டோவிலேயே யுனிவர்சலின் புதிய பூங்காவான எபிக் யூனிவர்ஸ் 2025 மே 22-இல் திறந்தது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் கோடைப் பயணத்தின் இரண்டு நாளாவது அந்தப் பக்கம் போய்விடும். அப்படியானால் டிஸ்னிக்கு மூன்று நாள் டிக்கெட் போதும், உங்கள் 650 இன்னும் குறையும், பாஸ் இன்னும் விலகிப்போகும். பாஸ் எடுத்துவிட்டால் "டிஸ்னி பாஸ் இருக்கும்போது வேறு எங்கே போவது" என்று அந்த நாள்களையும் டிஸ்னியிலேயே கழிப்பீர்கள். இது கணக்கில் தெரியாத ஒரு கட்டு.

இனி அந்த ஏப்ரல் பயணம். ஈஸ்டரை ஒட்டிய மூன்று நாள் டிக்கெட் ஆளுக்கு 500 என்று வைத்துக்கொண்டால், ஹாப்பர் இல்லாமலே மூன்று பயணத்துக்கும் 1,850. பாஸ் ஆளுக்கு 150, நால்வருக்கு 600 டாலர் மிச்சம் காட்டும். நண்பர் சொன்ன "மூணு தடவை" இந்த இடத்தில் உண்மைதான். ஆனால் அவர் தாம்பாவிலிருந்து ஐ-4 சாலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்து இரவே வீடு திரும்பிவிடுகிறார். நீங்கள் விடுமுறைக் கால விலையில் நெவார்க்கிலிருந்து நான்கு விமான டிக்கெட், நான்கு இரவு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து போகவர வண்டி என்று எல்லாவற்றையும் வாங்க வேண்டும். அந்தச் செலவு 600 டாலரைத் தாண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பாஸ் இல்லாவிட்டாலும் ஏப்ரலில் போயிருப்போம் என்று கணவன் மனைவி இருவரும் உறுதியாகச் சொல்ல முடிந்தால் அந்தப் பயணத்தைக் கணக்கில் சேருங்கள். "பாஸ்தான் இருக்கிறதே, போய்விட்டு வந்துவிடலாம்" என்று தோன்றினால் அது சேமிப்பு ஆகாது, பாஸ் உங்களுக்கு விற்ற புதிய செலவு. அந்தச் செலவில் மகிழ்ச்சி இருக்கலாம், அதைக் குறை சொல்லவில்லை. சேமிப்பு என்று பெயர் வைக்காமல், செலவு என்று தெரிந்தே செய்யுங்கள்.

காலாவதித் தேதி இன்னொரு பொறி. பாஸ் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, முதல் முறை பயன்படுத்தும் நாளிலிருந்து ஓராண்டு. நவம்பர், ஏப்ரல், கோடை என்றால் பிரச்சினை இல்லை, ஓராண்டுக்குள் அடங்கும். ஆனால் "அடுத்த நவம்பரையும் இதே பாஸில் முடித்துவிடலாம், நாலாவது பயணம்" என்று யாராவது சொன்னால் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் ஆசிரியர் மாநாட்டுக்காக நவம்பர் தொடக்கத்தில் வியாழன், வெள்ளி பள்ளி இருக்காது. டிஸ்னி வட்டாரத்தில் அந்த வாரத்துக்கு ஜெர்சி வீக் என்றே பெயர், அவ்வளவு கூட்டம் இங்கிருந்து போகும். 2024-இல் அந்த நாள்கள் நவம்பர் 7, 8. 2025-இல் நவம்பர் 6, 7. 52 வாரம் என்பது 364 நாள், ஆகவே அதே கிழமை ஆண்டுக்கு ஒரு நாள்தான் (லீப் ஆண்டானால் இரண்டு நாள்) முன்னால் நகரும். 2024 நவம்பர் 3 ஞாயிறு அன்று பாஸைத் தொடங்கியவருக்கு, மறு ஆண்டின் ஆறாம் தேதி வருமுன்பே பாஸ் முடிந்துபோயிருக்கும். நன்றி நவிலல் வாரத்திலும் இதே கதை: 2025-இல் அது நவம்பர் 27, 2026-இல் நவம்பர் 26. அந்த வாரத்தின் திங்களில் தொடங்கிய பாஸ், மறு ஆண்டு அதே வாரத்தின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும், விருந்து நாள்வரை வராது. பள்ளி விடுமுறையை நம்பிப் போகிறவர்கள் ஒரே விடுமுறையை ஒரே பாஸில் இரண்டு தடவை பிடிப்பது பெரும்பாலும் நடக்காது. புதுப்பித்தாலும் புதிய ஆண்டு பழைய காலாவதியை ஒட்டியே தொடங்கும். நீங்கள் அடுத்துப் போகிற நாளிலிருந்து இல்லை. இடையில் ஆறு மாதம் போகாதவர் புதுப்பித்தால் அந்த ஆறு மாதமும் வீணாக ஓடும். அவர் காலாவதியாக விட்டுவிட்டு, போகும்போது புதிதாக எடுப்பது மேல்.

சரி, நால்வருக்கும் வேண்டாம் என்றால் ஒருவருக்கு மட்டும்? உங்கள் நிலையில் யோசிக்கத் தகுந்த வழி இதுதான் என்பது என் கருத்து. பாஸ் தரும் சலுகைகள் பலவற்றுக்குக் குடும்பத்தில் ஒருவரிடம் பாஸ் இருந்தால் போதும். டிஸ்னி விடுதிகளில் பாஸ்காரர் விலையில் அறை எடுக்கலாம், அறையில் தங்கும் மற்றவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. குறிப்பிட்ட கடைப் பொருள்களில் 20 சதவீதம் வரை தள்ளுபடி. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள் பலவற்றில் பெரும்பாலும் 10 சதவீதம். அதை மேசையில் உள்ளவர்களின் பில்லுக்கே வாங்கலாம், ஆனால் பில் போடுவதற்கு முன்பே பாஸையும் அடையாள அட்டையையும் காட்டிவிடுங்கள். ஹாப்பரோடு ஒப்பிட்டால் ஒருவருக்கு இடைவெளி 150 டாலர்தான் என்று மேலே பார்த்தோம். டிஸ்னி விடுதியில் இரண்டு தடவை தங்கினால் அறைத் தள்ளுபடி மட்டுமே அதை ஈடுகட்டிவிடக்கூடும். ஈடுகட்டும் என்று உறுதி கொடுக்க முடியாதது ஏன் என்றால், அந்த அறைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, கூட்டம் நெரியும் வாரங்களில் பெரும்பாலும் இருக்காது, எல்லோருக்கும் பொதுவாக வரும் சலுகை சில சமயம் இதற்கு இணையாகவே இருக்கும். உங்கள் தேதிக்குப் பொது விலை, பொதுச் சலுகை விலை, பாஸ்காரர் விலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே பாஸின் கணக்கில் சேரும்.

வாகன நிறுத்தத்தையும் இதேபோல் உரித்துப் பார்க்க வேண்டும். பூங்காக்களில் காரை நிறுத்தும் கட்டணம் 2023 அக்டோபரில் நாளுக்கு 30 டாலர் ஆனது. பாஸ்காரருக்கு இலவசம். வெளியே தங்கி வாடகைக் காரில் வருகிறவருக்கு அந்த விலையில் பத்து நாளில் 300 டாலர், இது கெட்டியான பணம். ஒரு காருக்கு ஒரு பாஸ் போதும் என்பதால் ஒற்றைப் பாஸுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. ஆனால் டிஸ்னி விடுதியில் தங்குகிறவருக்குப் பூங்கா நிறுத்தம் ஏற்கெனவே இலவசம். 2023 ஜனவரியிலிருந்து விடுதியில் இரவு நிறுத்தமும் இலவசம். ஆக, அறைத் தள்ளுபடி, நிறுத்தக் கட்டணம் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதினால் தப்பு. டிஸ்னி விடுதியில் தங்கினால் முன்னது, வெளியே தங்கினால் பின்னது.

ஒருவருக்கு மட்டும் பாஸ் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு, வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியவரும். 2024 ஜனவரி 9-இலிருந்து தேதியிட்ட டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் பூங்கா முன்பதிவு தேவையில்லை. பாஸ்காரருக்கு இன்னும் தேவை. முன்பதிவு வேண்டாம் என்று டிஸ்னி அறிவிக்கும் சில நாள்களும், மதியம் 2 மணிக்குப் பிறகான நேரமும் விதிவிலக்கு. அதிலும் சனி, ஞாயிறில் மேஜிக் கிங்டத்துக்கு அந்த 2 மணி விலக்கு இல்லை. காலை எட்டரைக்கு மேஜிக் கிங்டம் வாசல். அம்மா டிக்கெட் பதிந்த கைப்பட்டையை வாசல் கருவியில் வைக்கிறார், அதன் வட்டம் பச்சையாகச் சுற்றி ஒளிர்கிறது. பிள்ளைகள் இருவருக்கும் பச்சை. அப்பா பாஸை வைக்கிறார், நீலம். நீலம் வந்தால் ஊழியர் கையில் கருவியோடு வந்து நிற்பார், முன்பதிவு இல்லை என்பார். அன்று இடம் மீதமிருந்தால் அங்கேயே கைபேசியில் போட்டுக்கொள்ளலாம். நிரம்பியிருந்தால் பிள்ளைகள் உள்ளே, அப்பா வெளியே. இதைத் தவிர்ப்பது சுலபம். விமான டிக்கெட் போடுகிற அன்றே மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் பாஸ்காரருக்கு எல்லா நாள்களுக்கும் பதிவு செய்துவிடுங்கள். இன்க்ரெடி-பாஸில் ஒரே நேரத்தில் ஐந்து நாள் வரை பிடித்துவைக்கலாம், டிஸ்னி விடுதியில் தங்கினால் தங்கும் நாள்கள் முழுவதற்கும். திட்டம் மாறினால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பது அடிக்கடி நடந்தால் கொஞ்ச நாளுக்குப் புதுப் பதிவு போட முடியாமல் போகலாம்.

பாஸில் இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் பாஸில் கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும். அதை முன்பதிவு செய்வதிலும் பாஸ்காரருக்கு முன்னுரிமை இல்லை. டிஸ்னி விடுதிக்காரர்களுக்கு 7 நாள் முன்னால், மற்ற எல்லோருக்கும் 3 நாள் முன்னால். காலையில் அரை மணி முன்னதாக உள்ளே விடுவதும் விடுதிக்காரர்களுக்கான சலுகைதான். நீர்ப் பூங்காக்கள் தனிச் சேர்க்கை. ஹாலோவீன், கிறிஸ்துமஸ் இரவு விருந்துகளுக்குத் தனி டிக்கெட், அந்த இரவுகளில் மேஜிக் கிங்டம் மற்றவர்களுக்கு மாலை 6 மணிக்கே முடிந்துவிடும். நவம்பர் பயணத்தில் கிறிஸ்துமஸ் விருந்து இரவுகள் வரும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

நியாயமாக, பாஸின் பக்கமும் ஒன்று இருக்கிறது, டாலரில் எழுத வராது. விமானம் மதியம் மூன்று மணிக்கு இறங்குகிறது. டிக்கெட் வைத்திருப்பவர் அன்று மாலைக்காக ஒரு நாளைச் செலவழிக்க மனமில்லாமல் விடுதி நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்வார். பாஸ்காரர் இரவு வாணவேடிக்கைக்கு மட்டும் போய்விட்டு வரலாம். திரும்பும் நாளில் விமானம் இரவு என்றால் காலையில் இரண்டு சவாரி ஏறலாம். ஜூலையில் மதியம் இடி மழை கொட்டினால் எழுந்து வந்துவிடலாம், நாள் வீணாயிற்றே என்ற வருத்தம் இருக்காது. டிக்கெட்டுக்கு இந்த நெகிழ்ச்சி இல்லை. ஐந்து நாள் டிக்கெட்டை எட்டு நாளுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும், மீந்த நாள் மீந்ததுதான். இந்த நிம்மதிக்கு உங்கள் வீட்டில் என்ன விலை என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். ஆளுக்கு 50 டாலர் பெறும் என்றால் 50 சேருங்கள். 350 பெறும் என்று மனசாரச் சொல்ல முடிந்தால் எடுங்கள், தப்பே இல்லை.

ஓராண்டுக்குச் சேர்த்து முன்பணம் கட்டுவதன் ஆபத்தையும் தூரத்தில் இருப்பவர்கள் கூடுதலாகச் சுமக்கிறார்கள். பாஸைத் திருப்பிக் கொடுக்க முடியாது, வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வேலை மாறினால், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், கோடைப் பயணம் புயலில் தள்ளிப்போனால், மீதி மாதங்கள் சும்மா கழியும். பக்கத்தில் இருப்பவர் அடுத்த வாரம் போய் ஈடுகட்டிக்கொள்வார். 2020 மார்ச் 16-இலிருந்து ஜூலை 10 வரை பூங்காக்கள் எல்லாம் மூடியிருந்தன. அந்த நாள்களுக்கு ஈடாகப் பாஸ்களின் காலாவதியைத் தள்ளிவைத்தார்கள். ஃப்ளோரிடாக்காரருக்கு அது போதுமானது, விமானத்தில் வர வேண்டியவருக்கு நீட்டிப்பு பெரிதாக உதவவில்லை. இன்னொன்று, பாஸ் எப்போதும் விற்பனையில் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் பிக்ஸி டஸ்ட் தவிர மற்ற மூன்றின் புதிய விற்பனையை நிறுத்தினார்கள், திரும்பத் திறந்தது 2023 ஏப்ரல் 20-இல். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 2021 ஜனவரியில் பழைய ஆண்டு பாஸ் திட்டத்தையே முடித்துவிட்டு, ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற வேறு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு, இப்போதே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பயன்படுத்திக்கொண்டிருக்கும் டிக்கெட்டின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டிப் பாஸாக மாற்ற முடியும். ஆகவே நவம்பருக்கு நால்வருக்கும் ஐந்து நாள் டிக்கெட் வாங்கிப் போங்கள். டிஸ்னியில் நேரடியாக வாங்கினால் கழிவுக் கணக்கு எளிது. வெளி முகவரிடம் தள்ளுபடியில் வாங்கியதாக இருந்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்று மாற்றுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுவதை டிக்கெட் காலாவதியாவதற்குள், ஆர்லாண்டோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, செய்தாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் முடியாது. மாற்றிய பாஸின் ஓராண்டு, அந்த டிக்கெட்டை முதலில் பயன்படுத்திய நாளிலிருந்து கணக்காகும், மாற்றிய நாளிலிருந்து இல்லை. ஆகவே காத்திருந்ததால் கூடுதல் நாள் கிடைக்காது, நஷ்டமும் இல்லை. கெஸ்ட் ரிலேஷன்ஸ் கவுன்டரில் காலை வாசல் திறக்கும் நேரத்தில் வரிசை நீளும். ஐந்தாம் நாள் மாலை, அல்லது டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் உள்ள கவுன்டரில் போனால் நிதானமாகப் பேசலாம். போவதற்கு முன் இன்க்ரெடி-பாஸ் அன்று விற்பனையில் இருக்கிறதா என்று செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்தாம் நாள் மாலைக்குள் இரண்டு விஷயம் தெளிவாகியிருக்க வேண்டும். கோடைப் பயணத்துக்கு விமான டிக்கெட் போட்டாயிற்றா, அலுவலகத்தில் விடுப்பு உறுதியா? ஏப்ரல் பயணம் பாஸ் இல்லாமலும் நடக்குமா? முதலாவதற்கு மட்டும் ஆமாம் என்றால் பெரியவர் ஒருவரின் டிக்கெட்டை மட்டும் பாஸாக மாற்றுங்கள், அதுவும் கோடை அறைக்குப் பாஸ்காரர் விலை உண்மையிலேயே குறைவாக இருப்பதை கைபேசியில் பார்த்த பிறகு. இரண்டுக்கும் ஆமாம் என்றால் பெரியவர்கள் இருவருக்கும் மாற்றலாம், பிள்ளைகளுக்கு அன்றைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் தயக்கம் என்றால் கவுன்டர் பக்கமே போக வேண்டாம், அந்த மாலை வாணவேடிக்கைக்கு நல்ல இடமாகப் பார்த்து உட்காருங்கள்.